எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு எந்த மாதம் கிளம்பலாம்?

இமயமலையில் முதன்முறையாக நடக்கப் போகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது இதைத்தான்: எந்த மாதம் நல்லது? அக்டோபர் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். பயண ஏற்பாட்டாளர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அதில் பொய்யும் இல்லை. ஆனால் அந்த அக்டோபரில் உங்களுக்கு விடுப்பு கிடைக்க வேண்டும், பாதை தொடங்கும் லுக்லாவுக்கு விமானம் பறக்க வேண்டும், முகாமுக்கு முந்தைய கடைசித் தங்கலான கோரக்ஷெப்பில் படுக்க ஒரு கட்டில் கிடைக்க வேண்டும், வங்கக் கடலில் புயல் எதுவும் உருவாகாமல் இருக்க வேண்டும். இவற்றில் எது உங்கள் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துப் பார்த்துவிட்டுத் தேதி குறிப்பது நல்லது.

இங்கே பெரும்பாலும் நேபாளத்தின் கும்பு பள்ளத்தாக்கை வைத்தே பேசப்போகிறேன். லுக்லாவில் இறங்கி நாம்சே பஜார், டெங்போசே, டிங்போசே, லோபுசே வழியாக 5,364 மீட்டர் உயரத்திலுள்ள எவரெஸ்ட் அடிவார முகாம் வரை போகும் பாதை அது. உங்கள் விடுப்பும் கும்புவின் பருவமும் ஒத்துவராவிட்டால் வேறு எந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம் என்பது பின்னால் வருகிறது.

முதல் படி: மாதத்துக்கு முன் நாள்களை எண்ணுங்கள்

பருவத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன், எத்தனை நாள் கைவசம் இருக்கிறது என்று பாருங்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவில் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரே இடத்தில் தங்க வேண்டும். மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் விதி இது. லுக்லாவே 2,800 மீட்டருக்கு மேல். நாம்சேயில் ஒரு நாள், டிங்போசேயில் ஒரு நாள் ஓய்வு என்று வைத்துக்கொண்டால், லுக்லாவில் கிளம்பி லுக்லாவுக்குத் திரும்ப ஏறக்குறைய 12 நாள் ஆகும். விமானம் ரத்தானால் சமாளிக்க இரண்டு நாள், சென்னையிலிருந்து காத்மாண்டு போய்வர இரண்டு மூன்று நாள். ஆக 16 அல்லது 17 நாள் வேண்டும்.

பத்து நாள்தான் விடுப்பு என்றால், எந்த மாதமானாலும் இந்தப் பாதை உங்களுக்கானது இல்லை. ஓய்வு நாள்களை வெட்டிவிட்டு ஓடிப்போய்த் தொட்டுத் திரும்பலாம் என்ற எண்ணம் வேண்டாம். ஆக்ஸிஜன் குறைந்த உயரத்துக்கு உடம்பு பழகாததால் வரும் உயர நோய் எந்தப் பருவத்திலும் வரும்; முற்றினால் மூளையே வீங்கிவிடும். அக்டோபரின் நீல வானம் மூளை வீக்கத்தைத் தடுக்காது. குறைந்த நாள்களுக்கு லாங்டாங் பள்ளத்தாக்கு நல்ல தேர்வு. காத்மாண்டுவிலிருந்து ஸ்யாப்ருபேசி வரை பஸ்ஸிலேயே போய்விடலாம் என்பதால் விமானத்தைப் பற்றிய கவலையும் இல்லை.

இரண்டாம் படி: எந்த மழை எங்கிருந்து வருகிறது?

இமயமலை முழுவதற்கும் பொதுவான ஒரு பருவம் கிடையாது. மேற்கே நங்க பர்பத்திலிருந்து கிழக்கே நம்சா பர்வா வரை சுமார் 2,400 கிலோமீட்டர் நீளும் தொடர் அது. அதன் நாள்காட்டியை இரண்டு ஈரக் காற்றுகள் எழுதுகின்றன. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

ஒன்று நமக்குத் தெரிந்த தென்மேற்குப் பருவமழை. ஜூன் தொடக்கத்தில் கேரளத்தைத் தொடும் அது, வங்கக் கடல் வழியாக ஏறி நேபாளத்தின் கிழக்கு எல்லைக்குள் நுழைகிறது. நேபாளத்தில் அது தொடங்கும் சராசரித் தேதி ஜூன் 13. விலகும் தேதி அக்டோபர் 2. அந்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய 80 சதவீதம் இந்த நான்கு மாதங்களில்தான் கொட்டுகிறது. கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக இதன் வலு குறையும்.

மற்றொன்று தென்னிந்தியர்கள் அதிகம் கவனிக்காதது. குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும் காற்றுச் சுழற்சிகளை வானிலைத் துறையினர் மேற்கத்திய இடையூறு என்கிறார்கள். காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்டம் ஆகியவற்றின் குளிர்காலப் பனிப்பொழிவு இதனால்தான். இது மேற்கிலிருந்து கிழக்கே போகப் போக வலு குறையும்.

ஒரே ஏப்ரல் மாதம் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக இருப்பது இதனால்தான். கும்புவில் ஏப்ரலில் தாராளமாக நடக்கலாம். அதே ஏப்ரலில் இமாச்சலத்தின் ஹம்ப்டா கணவாய் பனிக்குள் புதைந்து கிடக்கும். அது திறக்க ஜூன் ஆகிவிடும். நேபாளத்துக்குச் சொன்ன மாதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு உத்தராகண்டத்துக்கு டிக்கெட் போடுகிறவர்கள் பனிச்சுவருக்கு முன்னால் போய் நிற்பது இதை அறியாததால்தான்.

இரண்டு ஈரக் காற்றுகளும் ஓய்ந்திருக்கும் இடைவெளிகளே நடப்பதற்கான பருவங்கள். கும்புவில் அப்படி இரண்டு இடைவெளிகள் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை ஒன்று. மார்ச் மத்தி முதல் மே இறுதி வரை மற்றொன்று.

மூன்றாம் படி: குளிரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

மார்கழிக்கே மஃப்ளர் தேடும் ஊரிலிருந்து போகிறோம். மைனஸ் 10 டிகிரி என்று படித்தால் மனதில் எதுவும் உறைப்பதில்லை. ஆகவே நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். காத்மாண்டு 1,400 மீட்டர். மேலே நீங்கள் கடைசியாகத் தங்கப்போகும் கோரக்ஷெப் 5,164 மீட்டர். வித்தியாசம் 3,760 மீட்டருக்குச் சற்று மேல். அதாவது சுமார் 24 டிகிரி.

அக்டோபரில் காத்மாண்டுவின் அதிகாலை 13 டிகிரியை ஒட்டி இருக்கும். 24-ஐக் கழித்தால் கோரக்ஷெப்பில் மைனஸ் 11. நவம்பர் பிற்பகுதியில் காத்மாண்டு 8 டிகிரி என்றால் மேலே மைனஸ் 16. ஜனவரியில் 2 டிகிரி என்றால் மைனஸ் 22. இது தோராயக் கணக்குதான். காற்று வீசினால் உடம்பில் இன்னும் கடுமையாக உறைக்கும். ஆனால் எந்த ஸ்லீப்பிங் பேக் வாங்குவது அல்லது வாடகைக்கு எடுப்பது என்று முடிவு செய்ய இது போதும். அக்டோபருக்கு மைனஸ் 15 தாங்குவது, நவம்பர் பிற்பகுதிக்கு மைனஸ் 20 தாங்குவது என்று கேட்டு வாங்குங்கள்.

லாட்ஜுக்குள் இருந்தால் குளிராதே என்று நினைக்க வேண்டாம். படுக்கையறைகளின் சுவர் பெரும்பாலும் ஒட்டுப்பலகைதான். சூடேற்றுவது சாப்பாட்டுக் கூடத்தை மட்டும். நடுவில் இருக்கும் இரும்பு அடுப்பில் சாயங்காலம் காய்ந்த யாக் வறட்டியைப் போட்டு மூட்டுவார்கள். ஒன்பது மணிக்குள் அது அணைந்துவிடும். அதன்பின் அறைக்குப் போனால், நீங்கள் விடும் மூச்சே ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் காலைக்குள் பனிப்படலமாகப் படிந்திருக்கும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறையத் தொடங்கும் என்பதால், காலையில் நிமிர்த்தினால் மூடிப் பக்கம் தண்ணீராக இருக்கும். போனையும் பவர் பேங்க்கையும் போர்வைக்குள் உங்களோடு படுக்க வையுங்கள். குளிரில் கிடந்தால் முழு சார்ஜும் ஒரே இரவில் காணாமல் போய்விடும்.

இந்தக் குளிர் எனக்கு ஆகாது என்று தோன்றினால் ஏப்ரல் பிற்பகுதியையோ மே மாதத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

நான்காம் படி: ஐப்பசியா, சித்திரையா?

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று நம் ஊரில் குடை பிடிக்கும் அதே வாரங்களில் கும்புவின் வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். பருவமழை நான்கு மாதம் கழுவிவிட்டுப் போன காற்றில் தூசு இருக்காது. நாம்சேக்கு மேலே ஒரு திருப்பத்தில் நின்றால் எவரெஸ்ட், லோட்சே, அமா தப்லாம் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகவே தோன்றும். முதன்முறை போகிறவர்களுக்கு நான் இந்தப் பருவத்தைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் அக்டோபர், நவம்பர் என்று மொத்தமாகப் பார்க்காமல் பதினைந்து பதினைந்து நாளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் கடைசி வாரம் ஆசை காட்டும். கூட்டம் இல்லை, விமான டிக்கெட் சுலபம், குளிரும் குறைவு. ஆனால் பருவமழை நாள்காட்டியைப் பார்த்து விலகுவதில்லை. 2024 செப்டம்பர் 26 முதல் 28 வரை காத்மாண்டுவிலும் சுற்றுவட்டாரத்திலும் கொட்டிய மழையில், வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தலைநகருக்குள் வரும் சாலைகள் துண்டிக்கப்பட்டன. மழை விலக வேண்டிய சராசரித் தேதிக்குச் சில நாள் முன்பு நடந்தது இது. புதியவர்கள் அக்டோபர் 5-க்கு முன் லுக்லாவுக்கு டிக்கெட் போடாமல் இருப்பது நல்லது.

அக்டோபர் இரண்டாம் வாரம் முதல் நவம்பர் முதல் வாரம் வரை உச்சப் பருவம். வானிலை சிறப்பாக இருக்கும். பாதையில் திருவிழாக் கூட்டம். தொங்கு பாலங்களில் யாக்குகளுக்கும் கழுதைகளுக்கும் வழிவிட்டு நிற்பதிலேயே பொழுது போகும். நாம்சேயில் அறை கிடைத்துவிடும். சிக்கல் லோபுசேயிலும் கோரக்ஷெப்பிலும்தான். அங்கே லாட்ஜுகளே குறைவு. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் போய்ச் சேருகிறவர்கள் சாப்பாட்டுக் கூடத்து பெஞ்சில் வரிசையாகப் படுத்து உறங்குவது இந்த வாரங்களில் சாதாரணம். வழிகாட்டியோ போர்ட்டரோ முன்கூட்டியே போய் இடம் பிடிக்க வேண்டியிருக்கும்.

இதே வாரங்களை ஒட்டித்தான் தசைன் வரும். நம் நவராத்திரி சமயத்தில் வரும் அந்தப் பண்டிகை நேபாளத்தில் பதினைந்து நாள் நடக்கும். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் சொந்த ஊருக்குப் போவார்கள்; பஸ்ஸில் இடம் கிடைக்காது, அரசு அலுவலகங்கள் மூடியிருக்கும், போர்ட்டர்கள் குறைவாக இருப்பார்கள். தேதி ஆண்டுதோறும் மாறும் என்பதால் உங்கள் பயண வாரத்தில் விஜயதசமி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு திஹார் வரும், அதாவது தீபாவளி. அது அவ்வளவு தொந்தரவு தராது.

லுக்லா விமானம் தனிக்கதை. ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர்தான். ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளம். கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும் என்பதால் மேகம் இறங்கினால் எல்லாமே நின்றுவிடும். காற்று கிளம்புவதற்கு முன், காலையில்தான் பெரும்பாலான விமானங்கள் பறக்கும். உச்சப் பருவத்தில் காத்மாண்டு விமான நிலைய நெரிசலைத் தவிர்க்க, ராமேசாப் மாவட்டத்து மந்தலியிலிருந்து இயக்குவார்கள். அதாவது நள்ளிரவு கடந்ததும் காத்மாண்டுவில் வேன் ஏறி நான்கைந்து மணி நேரம் மலைப்பாதையில் குலுங்கிக்கொண்டு போய், விடியும்போது அங்கே வரிசையில் நிற்க வேண்டும். முந்தைய நாளே மந்தலிக்குப் போய்த் தங்குவது உடம்புக்கு நல்லது. டிக்கெட் எந்த ஊரிலிருந்து என்று வாங்கும்போதே கேளுங்கள். கடைசி நேரத்தில் தெரியவந்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

என்னைக் கேட்டால் நவம்பர் 8 முதல் 28 வரை உள்ள நாள்களைத்தான் எடுத்துக்கொள்வேன். கூட்டம் பாதியாகக் குறைந்திருக்கும். வானம் இன்னும் தெளிவாக இருக்கும். லாட்ஜ் உரிமையாளர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். இதற்குக் கொடுக்க வேண்டிய விலை, முன்பு சொன்ன ஐந்தாறு டிகிரி கூடுதல் குளிரும் சற்றுக் குறுகிய பகலும்தான். நல்ல ஸ்லீப்பிங் பேக் இருந்தால் அது பெரிய விலை இல்லை.

வசந்தகாலம் வேறு சுபாவம் கொண்டது. மார்ச் மூன்றாம் வாரத்திலிருந்து காட்டுப் பகுதிகளில் லாலிகுராஸ் பூக்கத் தொடங்கும். நேபாளத்தின் தேசிய மலரான அது, கீழே முதலிலும் மேலே பிறகும் பூத்து ஏறும். டெங்போசேக்கு ஏறும் காட்டில் ஏப்ரலில் சிவப்பும் இளஞ்சிவப்புமாக இருக்கும். நாளாக நாளாகக் குளிர் குறையும், பகல் நீளும்.

குறை இரண்டு. மார்ச், ஏப்ரல் மாதங்கள் நேபாளத்தில் காட்டுத்தீக் காலம். மழையில்லாத காற்றில் தூசும் புகையும் தேங்கி, கீழ்ப் பகுதிகளில் மலைகள் மங்கலாகத்தான் தெரியும். நாம்சேக்கு மேலே போனால் பெரும்பாலும் தப்பிவிடலாம். இரண்டாவது, காலையில் தெளிவாக இருக்கும் வானத்தில் நண்பகலுக்குப் பிறகு மேகம் சேர்ந்துவிடும். சில நாள் சாயங்காலம் பனித்தூறலும் உண்டு.

இந்த இரண்டாவது குறையால் காலாபத்தர் ஏறும் நேரமே மாறும். அடிவார முகாமில் நின்றால் எவரெஸ்டின் உச்சி தெரியாது என்பது பலருக்கு அங்கே போன பிறகுதான் தெரிகிறது. உச்சியைப் பார்க்க கோரக்ஷெப்புக்கு மேலே இருக்கும் காலாபத்தர் மேட்டுக்கு, சுமார் 5,550 மீட்டருக்கு, ஏற வேண்டும். சூரியன் எவரெஸ்டுக்குப் பின்னாலிருந்து எழுவதால் காலையில் மலை இருண்டு தெரியும். அந்திவெயில்தான் அதன் முகத்தில் நேராக விழும். அக்டோபர், நவம்பரில் சாயங்காலம் ஏறி, தங்க நிறம் செம்பாகி அணைவதைப் பார்க்கலாம். இறங்கும்போது இருட்டிவிடும், நெற்றி விளக்கு கட்டாயம். வசந்தத்தில் சாயங்கால மேகத்தை நம்ப முடியாது. விடியற்காலையில் ஏறுவதே புத்திசாலித்தனம்.

முகாமின் தோற்றமும் பருவத்தைப் பொறுத்ததே. எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வருகிறார்கள். வானில் மிக உயரத்தில் வேகமாக வீசி, குளிர்காலம் முழுவதும் உச்சியை அறைந்துகொண்டிருக்கும் ஜெட் காற்றோட்டம் மே மாதத்தில் வடக்கே நகர்வதால் கிடைக்கும் சில அமைதியான நாள்களுக்காகக் காத்திருப்பார்கள். அப்போது போனால் பனியாற்றின் மேல் மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கூடாரங்களால் ஒரு சிற்றூரே இருக்கும். அக்டோபரில் போனால் கற்களும் பனியும் பிரார்த்தனைக் கொடிகளும் மட்டும். முகாமை முகாமாகப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்கள் ஏப்ரல் பிற்பாதியில் வரட்டும். மலையைப் பார்க்க வருகிறவர்களுக்கு நவம்பர்.

இந்த இரண்டு பருவங்களுக்கும் இன்னொரு சாதகம் உண்டு. டிங்போசேக்குப் பக்கத்திலுள்ள பெரிசேயில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் மருத்துவ நிலையம் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும்தான் திறந்திருக்கும். உயர நோயைப் பற்றி அங்கே மருத்துவர்கள் பிற்பகலில் எளிமையாகப் பேசுவார்கள். முதன்முறை போகிறவர்கள் அதைத் தவறவிடக் கூடாது.

குளிர்காலமும் மழைக்காலமும்

டிசம்பர் முதல் பாதி நவம்பரின் நீட்சிதான். துணிந்தவர்களுக்குப் பாதை காலியாகக் கிடைக்கும். ஜனவரி, பிப்ரவரி புதியவர்களுக்கு வேண்டாம். மேலே பல லாட்ஜுகளை மூடிவிட்டு உரிமையாளர்கள் கீழே இறங்கிவிடுவார்கள், குழாய்கள் உறைந்திருக்கும், சோ லா போன்ற கணவாய்கள் பனியால் அடைபட்டிருக்கும். அதோடு, குளிர்காலத்தில் அதே உயரத்தில் காற்றழுத்தம் சற்றுக் குறைவு. ஏற்கெனவே கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதியளவு ஆக்ஸிஜனே கிடைக்கும் இடத்தில் அந்தச் சிறு குறைவும் மூச்சில் தெரியும்.

உயரம் குறைந்த பாதை என்றால் குளிர்காலத்தில் ஆபத்தில்லை என்று நினைப்பதும் தவறு. அன்னபூர்ணா அடிவார முகாம் 4,130 மீட்டர்தான். ஆனால் போகும் வழியில் தேவராலியை ஒட்டிய குறுகலான பள்ளத்தாக்கில் இருபுறமும் செங்குத்துச் சரிவுகள். 2020 ஜனவரியில் அங்கே விழுந்த பனிச்சரிவில் நான்கு தென்கொரியர்களும் மூன்று நேபாளிகளும் இறந்தார்கள். பெரும் பனிப்பொழிவுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் அந்தப் பகுதியில் காலை வைக்கவே கூடாது.

ஜூன் மத்தி முதல் செப்டம்பர் வரை கும்புவில் லாட்ஜுகள் வெறிச்சோடிக் கிடக்கும். பச்சை கண்ணைப் பறிக்கும். மலை ஒருநாள் தெரியும், நான்கு நாள் தெரியாது. கீழ்ப்பாதைகளில் அட்டை காலில் ஏறும். லுக்லா விமானம் நாள்கணக்கில் நிற்கலாம். முதல் பயணத்துக்கு இதைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை.

ஐந்தாம் படி: விடுப்பு வேறு மாதத்தில் என்றால் மலையை மாற்றுங்கள்

பள்ளி விடுமுறையோடு கட்டுண்டவர்களுக்கு மாதத்தை மாற்ற முடியாது. அவர்கள் மாற்ற வேண்டியது பள்ளத்தாக்கை.

ஏப்ரல் இறுதி, மே முழுதும் விடுப்பு என்றால் கும்புவே பொருத்தம். சிக்கிமின் கோய்ச்சா லா கணவாய்ப் பாதையும் அப்போது நடக்கத் தகுந்தது. காஞ்சன்ஜங்காவை அவ்வளவு நெருக்கத்தில் காட்டும் பாதைகள் குறைவு.

ஜூலை, ஆகஸ்ட் மட்டுமே முடியும் என்றால் மழைமறைவுப் பகுதிகளைத் தேடுங்கள். மேகங்களை எல்லாம் தெற்குச் சரிவுகள் பிழிந்துகொள்ள, மறுபுறம் காய்ந்து கிடக்கும். லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கு, நேபாளத்தின் மேல் முஸ்தாங், டோல்போ ஆகியவை இந்த மாதங்களுக்கானவை. லே நகரின் ஆண்டு மழையே 100 மில்லிமீட்டர் அளவில்தான். ஆனாலும் 2010 ஆகஸ்டில் அதே லேயில் மேகவெடிப்பு ஏற்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பதை மறந்துவிடாமல், ஆற்றுப் படுகையில் கூடாரம் போடாதீர்கள். ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள்; வெயில் ஏற ஏறப் பனி உருகிப் பிற்பகலில் தண்ணீர் இடுப்பளவுக்கு வந்துவிடும். காஷ்மீரின் ஏரிகள் பாதைக்கும் ஜூலை முதல் செப்டம்பர் தொடக்கம் வரைதான் பருவம். பீர் பஞ்சால் மலைத்தொடர் பருவமழையின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. மழையில் நனைவதற்கு அஞ்சாதவர்கள் உத்தராகண்டத்தின் மலர்ப் பள்ளத்தாக்குக்குப் போகலாம். ஜூலை மத்தியிலிருந்து ஆகஸ்ட் மத்தி வரைதான் அங்கே பூ நிறைந்திருக்கும். சாலையில் மண் சரிந்து இரண்டு நாள் மாட்டிக்கொள்ளவும் தயாராக இருக்க வேண்டும்.

ஜூன் முதல் இரண்டு வாரம் உத்தராகண்டம், இமாச்சலம் இரண்டுக்கும் நல்ல காலம் என்று எல்லா அட்டவணைகளிலும் இருக்கும். இருந்தாலும் 2013 ஜூன் 16, 17 தேதிகளில் கேதார்நாத்தை அழித்த வெள்ளத்தின்போது, முன்கூட்டியே வந்த பருவமழையும் மேற்கத்திய இடையூறும் ஒன்றுசேர்ந்திருந்தன. 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தரகாசியின் சகஸ்திரதால் பாதையில் பனிப்புயலில் சிக்கி, கர்நாடகத்திலிருந்து போன குழுவில் ஒன்பது பேர் இறந்தார்கள். நல்ல பருவம் என்பது மோசமான நாள் வருவதற்கான வாய்ப்பைக் குறைக்கும்; அவ்வளவுதான். கோடை என்று சொல்லி மழைச்சட்டையையும் கனத்த கையுறையையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

டிசம்பர் அரையாண்டு விடுமுறைக்கு உத்தராகண்டத்தின் கேதார்கந்தா போதும். 3,800 மீட்டர், நான்கைந்து நாள், பனியில் நடந்த அனுபவமும் கிடைத்துவிடும். இப்போது கூட்டம் அதிகம் என்பதுதான் குறை.

ஆறாம் படி: தேதி குறித்த பிறகு

டிக்கெட் எடுக்கும் வரிசை முக்கியம். முதலில் லுக்லா விமானம், பிறகு சென்னை–காத்மாண்டு. உச்சப் பருவத்துக்கு மூன்று நான்கு மாதம் முன்பே லுக்லா டிக்கெட்டை உறுதிசெய்துவிடுங்கள். காலையின் முதல் விமானங்களாகப் பார்த்துக் கேளுங்கள். ஒரு பயணிக்குப் பொதுவாக 15 கிலோதான் அனுமதி. காப்பீடு எடுக்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்ற இரண்டையும் ஆவணத்தில் படித்துப் பாருங்கள். 4,000 மீட்டருக்கு மேல் செல்லாத காப்பீடுகள் நிறைய உண்டு.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பிருந்து இந்திய வானிலைத் துறையின் வங்கக் கடல் அறிக்கைகளைப் பாருங்கள். எவரெஸ்டுக்கு நடக்கிறவர்களுக்கு வங்கக் கடலோடு என்ன வேலை என்று தோன்றும். 2014 அக்டோபர் 12 அன்று ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. அதன் எச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டு நாள் கழித்து, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் அன்னபூர்ணா வட்டாரத்தில் கடும் பனியாகக் கொட்டியது. உச்சப் பருவம் என்பதால் 5,416 மீட்டர் உயரத் தோராங் கணவாயில் நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். வட்டாரம் முழுவதும் 43 பேர் இறந்தார்கள். 1995 நவம்பரிலும் இப்படியொரு வங்கக் கடல் புயலின் பனியால் கும்புவின் கோக்யோ பள்ளத்தாக்கில் பனிச்சரிவு ஏற்பட்டு, ஜப்பானியப் பயணிகளும் நேபாளிகளும் புதைந்தார்கள்.

ஆகவே, நடந்துகொண்டிருக்கும்போது ஆந்திர, ஒடிசா, வங்காளக் கரையை நோக்கிப் புயல் சின்னம் நகர்வதாகச் செய்தி வந்தால், அது கரை கடந்த பிறகும் இரண்டு மூன்று நாள் உயரமான கணவாய்களையும் செங்குத்துச் சரிவுகளின் அடிவாரத்தையும் தவிருங்கள். இருக்கும் ஊரிலேயே தங்குங்கள், முடிந்தால் கீழே இறங்குங்கள். காலையில் வெயில் அடிக்கிறதே என்று வழிகாட்டியை வற்புறுத்திக் கிளப்பாதீர்கள். நாம்சேயிலும் டிங்போசேயிலும் இணையம் கிடைக்கும். மேலே போகப் போகக் காசு கூடும், வேகம் குறையும். ஆனாலும் அன்றன்றைய முன்னறிவிப்பைப் பார்க்க அது போதும். லாட்ஜ் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஷெர்பா பெரியவர்களிடமும் கேளுங்கள். நாளைக்கு எப்படி இருக்கும் என்பதைக் காற்றின் திசையைப் பார்த்து அவர்கள் சொல்வதைப் பெரும்பாலும் நம்பலாம்.

லுக்லாவிலிருந்து திரும்பும் தேதிக்கும் சென்னை விமானத்துக்கும் நடுவே வைத்த அந்த இரண்டு நாளை, ஏற்பாட்டாளர் எவ்வளவு சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். விமானம் நேரத்துக்குப் பறந்து அந்த நாள்கள் மிச்சமானால் காத்மாண்டுவுக்குப் பக்கத்திலுள்ள பக்தபூருக்குப் போய், மண் சட்டியில் உறைய வைத்த ஜூஜூ தௌ தயிரை வாங்கிச் சாப்பிடலாம்.